உல்லாசக் கப்பலில் கார்ட் போட்டால் நாணய மாற்றுக் கட்டணம்: தப்ப வழி உண்டா?

உவர்மலை_மாஸ்டர்:

வணக்கம். திருகோணமலை உவர்மலையில் இருந்து எழுதுகிறேன். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவன். போன வருடம் ஒரு கப்பல் பில் என்னைப் பெயிலாக்கிவிட்டது. அதுதான் இங்கே வந்திருக்கிறேன்.

மெல்பேர்ணில் இருக்கும் மகன், எங்கள் கலியாணத்தின் நாற்பதாவது வருடத்துக்கென்று நாலு இரவுக் கப்பல் பயணம் ஒன்று போட்டுத் தந்தான். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்து, திரும்பவும் சிங்கப்பூர். மூன்று கேபின். ஒன்றில் நானும் மனைவியும், அடுத்ததில் மகன் குடும்பம், மூன்றாவதில் லண்டனில் இருந்து வந்த மச்சாளும் சகலனும்.

கப்பலில் யாரும் காசைக் கையால் தொடுவதில்லை. ஏறும்போது கிரெடிட் கார்டைப் பதிந்துகொண்டு ஒரு பிளாஸ்டிக் அட்டை தருகிறார்கள். கேபின் கதவு திறப்பதும் அதனால்தான், தேத்தண்ணீர் வாங்குவதும் அதனால்தான். கடைசி நாள் விடிய எழும்பினால் கதவடியில் பில் கிடக்கும். மூன்று கேபினுக்கும் பில் அமெரிக்க டொலரில்தான் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து வங்கி அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று பேருக்கும் மூன்று விதமாக வெட்டு.

ஒப்பிட லேசாக நூறு டொலருக்கு என்று கணக்குப் போட்டேன். ஒரு அமெரிக்க டொலர் 300 ரூபா, அதுவே ஒன்றரை அவுஸ்திரேலிய டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 30,000 ரூபா போகவேண்டிய இடத்தில் 30,900 போயிருக்கிறது, அதற்குக் கீழே முத்திரைத் தீர்வை என்று இன்னொரு வரி. மகனுக்கு 150 அவுஸ்திரேலிய டொலர் போகவேண்டியது, போனது 159 சொச்சம். மச்சாளுக்கு ஒரு சதமும் கூடப் போகவில்லை.

மகனுடைய கதைதான் எனக்கு விளங்கவில்லை. அவனுடைய பில் டொலரில் இருந்தது, ஆனால் கார்டில் கழித்தது அவுஸ்திரேலிய டொலரில். அப்படிக் கழிக்கச் சொல்லி அவன் யாரிடமும் கேட்கவில்லை. இறங்குகிற அன்று காலை கவுண்டரில் போய்க் கேட்டதற்கு, "அது தானாக நடக்கும் சேர், வேண்டாமென்றால் முன்னமே சொல்லியிருக்கவேண்டும்" என்று சிரித்துக்கொண்டு சொன்னாளாம்.

வருகிற மாதம் திரும்பவும் போகிறோம், அதே ஆட்கள், அதே பாதை. இந்த முறை ஏமாறக்கூடாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சல்லிக்கரை:

மாஸ்டர், எங்களுக்குப் புறாமலைக்குப் படகில் போய்வரவே கையைக் கடிக்குது. நீங்கள் கப்பலில் புக்கெட் போய்வந்து, நூறு டொலருக்கு மூன்று டொலர் போச்சென்று அழுகிறீர்களே!

பகிடிக்குச் சொன்னேன். கோபிக்கவேண்டாம். மகனுக்கு நூற்றுக்கு ஆறு போனதுதான் அநியாயம்.

பாலையூற்று_ஓய்வு:

மாஸ்டர், வங்கியில் இருபத்தெட்டு வருடம் இருந்து போன வருடம்தான் வெளியே வந்தேன். உங்கள் மூன்று அறிக்கையையும் பார்க்காமலே சொல்லலாம்.

காசு ஒரு நாணயத்தில் இருந்து இன்னொன்றுக்கு எந்த இடத்தில் மாறுகிறது, மாற்றுகிறவன் யார் என்று மட்டும் பாருங்கள். கப்பல் டொலரில் கேட்கிறது. உங்கள் கார்ட் ரூபாக் கார்ட். நடுவில் விசாவோ மாஸ்டர்கார்டோ தன்னுடைய அன்றைய வீதத்தில் மாற்றிக்கொடுக்கும். அந்த வீதம் மொத்த வியாபார வீதம் மாதிரி, மோசமில்லை. இரண்டு கம்பனியும் அதை நாள்வாரியாகத் தங்கள் இணையதளத்தில் போடுகின்றன, யாரும் பார்க்கலாம். அதற்கு மேலே உங்கள் வங்கி தனக்கென்று ஒரு சதவீதம் வைக்கும். உங்களுக்கு விழுந்தது இந்த வெட்டுத்தான். முத்திரைத் தீர்வை அரசாங்கத்துக்குப் போவது, அதில் வங்கியைக் குறை சொல்லமுடியாது.

மச்சாளுடைய கார்ட் வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி எதையும் கூட்டாத வகையாக இருக்கவேண்டும். பிரித்தானியாவில் அப்படிப்பட்டவை பல உண்டு. அதனால் விசா வீதத்தோடு நின்றுவிட்டது.

மகனுடைய விஷயம் வேறு. அங்கே காசை மாற்றியது விசாவும் இல்லை, வங்கியும் இல்லை. கப்பல்காரனே மாற்றிவிட்டான். கார்டின் முதல் இலக்கங்களைப் பார்த்தாலே அது எந்த நாட்டுக் கார்ட் என்று இயந்திரத்துக்குத் தெரியும். உடனே "உங்கள் சொந்த நாணயத்திலேயே கழித்துத் தருகிறோம்" என்று ஒரு வசதி. டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமாக டிசிசி என்பார்கள். வீதத்தை அவர்கள் வைப்பார்கள், அதற்குள் தங்கள் இலாபத்தையும் வைப்பார்கள். விசா, மாஸ்டர்கார்ட் விதிப்படி வாடிக்கையாளரிடம் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது, வீதத்தையும் காட்டவேண்டும். உங்கள் மகனிடமும் எங்கேயோ கேட்டிருப்பார்கள். அவருக்குத்தான் கேட்டது தெரியாது.

இதில் இரண்டாவது அடியும் உண்டு. கழித்தது அவுஸ்திரேலிய டொலரில்தானே, அப்போ அவருடைய வங்கிக்கு என்ன வேலை என்று நினைப்பீர்கள். கப்பல் கம்பனியின் கணக்கு இருப்பது வெளிநாட்டில். வெளிநாட்டு வியாபாரிக்குப் போன காசு என்றால், சொந்த நாணயத்தில் போனாலும் கட்டணம் எடுக்கும் வங்கிகள் அவுஸ்திரேலியாவில் நிறைய. கப்பல்காரன் 3 சதவீதம் வைத்தால் 150 என்பது 154.50 ஆகும். அதன்மேல் வங்கி 3 சதவீதம் எடுத்தால் 159.13. உங்கள் 159 சொச்சம் வந்துவிட்டதா?

உவர்மலை_மாஸ்டர்:

வந்துவிட்டது ஐயா. 159.13 என்றேதான் இருக்கிறது. மகனுக்கு அனுப்பினேன். ஒரு நீளமான பெருமூச்சைக் குரல் பதிவாகத் திருப்பி அனுப்பியிருக்கிறான்.

ஆனால் அவனிடம் எங்கே கேட்டார்கள்? கையெழுத்து எதுவும் போடவில்லை என்று சத்தியம் பண்ணுகிறான்.

மூதூர்_மாலுமி:

அதை நான் சொல்கிறேன் மாஸ்டர். ஏழு வருடம் உல்லாசக் கப்பல்களில் வேலை செய்தவன், அதில் கடைசி நாலு வருடம் நீங்கள் சொல்லும் அந்தக் கவுண்டருக்குப் பின்னால். கம்பனி பெயர் வேண்டாம்.

பயணத்துக்கு முதலே ஆப்பில் செக்-இன் செய்யச் சொல்வார்கள். பாஸ்போர்ட் படம், முகப் படம், அப்புறம் கார்ட் இலக்கம். கார்ட் போடுகிற பக்கத்தின் அடியில் நாலைந்து வரி நிபந்தனை இருக்கும். மூன்றாவது வரியிலோ நாலாவது வரியிலோ, "உங்கள் கார்ட் வேறு நாணயத்தில் இருந்தால் அந்த நாணயத்துக்கு மாற்றிக் கழிக்க உடன்படுகிறீர்கள், வேண்டாமென்றால் கப்பலில் வரவேற்புக் கவுண்டரில் தெரிவிக்கலாம்" என்று இருக்கும். பெட்டியில் ஒரு சரி போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். யார் வாசிக்கிறார்கள்? மகன் உடன்பட்டது அங்கேதான். எல்லாக் கம்பனியும் இப்படி இல்லை, சிலர் மாற்றுவதே இல்லை. மாற்றுகிறவர்களிடம் நடைமுறை கிட்டத்தட்ட இதுதான்.

எங்கள் பக்கத்தில் எப்படித் தெரியும் என்றும் சொல்கிறேன். கேபின் இலக்கத்தை அடித்தால் கணக்கு வரும். வலது மூலையில் கார்டின் கடைசி நாலு இலக்கம், பக்கத்தில் கார்ட் நாணயம். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். அதை எடுத்துவிட்டால் மாற்று வேலை நின்றுவிடும். பத்து செக்கன் வேலை. கையெழுத்து வாங்க ஒரு அரைப்பக்கத் தாளும் லாச்சிக்குள் இருந்தது. ஆனால் யாராவது கேட்டால்தான் எடுக்கவேண்டும், நாங்களாகச் சொல்லக்கூடாது. இதை இப்போது எழுதும்போதும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நேரம் முக்கியம். கடைசி இரவு பன்னிரண்டு, ஒரு மணிக்குக் கணக்கு மூடும். அதற்குப் பிறகு நாங்கள் நினைத்தாலும் எதுவும் செய்யமுடியாது. காலையில் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வருகிற வரிசை லிஃப்ட் வரைக்கும் நிற்கும். முதல் நாள் போகவேண்டாம், அன்றைக்குப் பெட்டி வரவில்லை, கதவு திறக்கவில்லை என்ற சனம். இரண்டாம் நாள் எல்லோரும் கரைக்கு இறங்கின பிறகு, பத்து பதினொரு மணிக்குப் போங்கள். கவுண்டரில் ஈ ஓட்டிக்கொண்டு இருப்பார்கள். "என் கணக்கைக் கப்பல் நாணயத்திலேயே கழியுங்கள், மாற்றவேண்டாம்" என்று சொல்லி, தாள் இருந்தால் கையெழுத்துப் போட்டு, அதைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரே குடும்பம் என்றாலும் கேபினுக்குக் கேபின் தனித்தனியாகச் சொல்லவேண்டும்.

டொரொன்டோ_திருமலையாள்:

மூதூர்த் தம்பி, நாலு முறை கப்பல் போனேன், இந்தத் தாளைப் பற்றி இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன்!

கனடாவில் வழக்கமான கார்டுகள் 2.5 சதவீதம் எடுக்கும். அது இல்லாத கார்டுகளும் உண்டு. ஸ்கோஷியாபாங்கின் பாஸ்போர்ட் விசா என்னிடம் இருக்கிறது, வருடக் கட்டணம் இருந்தாலும் வெளிநாட்டுச் செலவுக்கு ஒன்றும் கூட்டுவதில்லை. ஆனால் தம்பி சொல்வதைப் பார்த்தால், அப்படிப்பட்ட நல்ல கார்டை வைத்துக்கொண்டு கப்பலின் மாற்றை நிற்பாட்டாமல் விட்டால் கார்ட் வைத்திருந்தும் பிரயோசனம் இல்லை, என்ன? அவன் கனடா டொலராக்கி அனுப்புவான், என் வங்கிக்கு மாற்ற எதுவும் மிச்சம் இருக்காது.

மூதூர்_மாலுமி:

அதேதான் அக்கா. நல்ல கார்ட் வைத்திருக்கிறவர்கள்தான் இதில் கூட நட்டப்படுகிறார்கள்.

மயிலாப்பூர்_மருமகன்:

மனைவிக்குத் திருகோணமலை டைக் வீதி. அந்த உரிமையில் நானும் எழுதுகிறேன்.

2023 ஜூனில் சென்னையிலிருந்து எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஓட ஆரம்பித்தபோது, மாமியார் வீட்டுக்குக் கப்பலில் போய் இறங்கிய மாப்பிள்ளை நான்தான். அது இந்தியக் கப்பல் கம்பெனி. உள்ளே எல்லாம் இந்திய ரூபாய், கார்டும் இந்திய ரூபாய், எதையும் மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் போன வருஷம் ஐரோப்பாவில் கப்பல் ஏறினேன். அங்கே யூரோ. என் கார்டில் அந்நியச் செலாவணி மார்க்-அப் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 4.13. ரூபாயில் கழித்தால் தப்பலாம் என்று யாரோ சொல்லப் போய், வெளிநாட்டு வியாபாரி ரூபாயில் கழித்தாலும் 1 சதவீதம் எடுக்கிற கார்டுகள் இருக்கின்றன என்பதையும் கற்றுக்கொண்டேன்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, கப்பலின் நாணயம் என்ன? ஏறுகிற துறைமுகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ராயல் கரீபியன் கம்பெனிக் கப்பல் சிங்கப்பூரில் புறப்பட்டாலும் கணக்கு அமெரிக்க டாலர். எம்எஸ்சி, கோஸ்டா மத்தியதரைக் கடலில் யூரோ. இங்கிலாந்தின் பி அண்ட் ஓ பவுண்டு.

சல்லிக்கரை:

மாமியார் வீட்டுக்குக் கப்பலில் வந்த மருமகனுக்கு என்ன சமைத்தார்கள் என்று எழுதவில்லையே.

மயிலாப்பூர்_மருமகன்:

நண்டுக் கறி. ஆனால் கப்பல் சாயங்காலம் கிளம்பிவிடும் என்று பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தார்கள். ஏறும் இடத்தில் உள்ளே கொண்டுபோகக்கூடாது என்று வாங்கி வைத்துவிட்டார்கள். 4.13 சதவீதத்தைவிட அதுதான் இன்னும் வலிக்கிறது.

கோட்டைப்பாதை_கடை:

நான் கோட்டைக்குப் போகிற பாதையில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கைத்தறி, சிப்பிப் பொருள், மரத்தில் செய்த யானை. கோணேசர் கோவிலுக்குப் போகிற சனம், மானுக்குப் பழத்தோல் போடுகிற பிள்ளைகள், அவர்களோடு வெள்ளைக்காரரும் வருவார்கள். அஷ்ரப் ஜெட்டிப் பக்கம் உல்லாசக் கப்பல் வந்து நிற்கிற நாளில் வியாபாரம் ஒரு மாதத்துக்குச் சமன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரி. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். ஒரு மேசைவிரிப்பு எடுத்துவிட்டுக் கார்டைத் தந்தா. மெஷினில் செருகினதும் திரையில் இரண்டு தெரிவு வந்தது, மேலே யூரோ, கீழே ரூபா. அவவுக்கு வசதி என்று நினைத்து நான் யூரோவை அமத்தப் போனேன். சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டா. "ருப்பீஸ், ருப்பீஸ்" என்று சொல்லி, தன் விரலாலேயே கீழே அமத்தினா. பிறகு பையில் இருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து, தொகையை ரூபாவில் எழுதி வைத்துக்கொண்டா. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது, நான் என்ன களவா எடுக்கிறேன் என்று. இப்போது உங்கள் எல்லோரையும் வாசித்த பிறகுதான் விளங்குது. அவ மாஸ்டருக்கு முன்னமே மாஸ்டர்.

உவர்மலை_மாஸ்டர்:

தங்கச்சி, அந்த அம்மாவை இங்கே கூட்டி வந்து ஒரு பாடம் எடுக்கச் சொல்லவேண்டும்.

சரி, மகனுடைய சிக்கல் தீர்ந்தது. மாற்றை நிற்பாட்டிவிட்டுக் கட்டணம் எடுக்காத கார்ட் ஒன்றும் எடுக்கச் சொல்லிவிட்டேன். என் சிக்கல் மிச்சம். எனக்குக் கப்பல்காரன் டொலரிலேயே கழித்தான், என் வங்கிதான் ரூபாவாக்கியது. அதைத் தவிர்க்க வழி உண்டா? மகன் மாதாமாதம் கொஞ்சம் அனுப்புகிறான். அது அமெரிக்க டொலராக ஒரு கணக்கில் கிடக்கிறது.

பாலையூற்று_ஓய்வு:

மாஸ்டர், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அது தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்காக இருக்கவேண்டும், பிஎஃப்சிஏ என்பது. முன்னர் என்ஆர்எஃப்சி, ஆர்எஃப்சி என்று கனக்கப் பெயரில் இருந்தவற்றை 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் வந்தபோது ஒன்றாக்கினார்கள். அந்தக் கணக்குக்கு டொலரிலேயே கழிக்கும் டெபிட் கார்ட் கொடுக்கும் வங்கிகள் உண்டு. டொலரில் பில், டொலரில் கணக்கு. மாற்ற எதுவுமில்லை என்றால் வீதம் என்ற பேச்சே இல்லை. உங்கள் கிளையில் போய்க் கார்ட் தருவார்களா, வருடக் கட்டணம் என்ன, வெளிநாட்டில் பாவிக்கும்போது வேறு கழிவு உண்டா என்று மூன்றையும் கேளுங்கள்.

ரூபாக் கார்டில் இன்னொரு ஆபத்தையும் சொல்லவேண்டும். வீதம் நீங்கள் வாங்கின நாளுடையது இல்லை, வங்கிக்குக் கணக்கு வந்து சேருகிற நாளுடையது. கப்பலில் கடைசி நாள்தான் மொத்தமாகக் கழிப்பார்கள், வங்கிக்கு வர இன்னும் இரண்டு மூன்று நாள். சாதாரண காலத்தில் இது பெரிய விஷயமில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் மே நடுவில் 360ஐத் தொட்டது. அந்த மாதங்களில் கவுண்டருக்கு முன்னால் நின்று அழுத வாடிக்கையாளர்களை எனக்குத் தெரியும்.

மூதூர்_மாலுமி:

ஐயா சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு. டெபிட் கார்டைக் கப்பலில் பதியவேண்டாம். டொலர்க் கார்டாக இருந்தாலும்.

காரணம் இதுதான். நீங்கள் செலவழிக்கிறதைப் பார்த்துப் பார்த்து, கப்பல் உங்கள் கார்டில் ஒரு தொகையைத் தடுத்து வைத்துக்கொண்டே போகும். கழிப்பதில்லை, பிடித்து வைப்பது. கிரெடிட் கார்ட் என்றால் கடன் எல்லையில் இருந்து ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்ட் என்றால் உங்கள் சொந்தக் காசு உள்ளே மாட்டிக்கிடக்கும். கடைசியில் முழுப் பில்லையும் தனியாகக் கழிப்பார்கள். முன்னர் பிடித்தது விடுபட ஒரு கிழமை, சில வங்கியில் அதைவிடக் கூட. கணக்கில் 600 டொலர் இருந்து பில் 400 என்றால், மாஸ்டர் சிங்கப்பூரில் இறங்கிச் சாப்பாட்டுக்குக் கார்டைக் கொடுக்கும்போது காசில்லை என்று சொல்லும். பல நாணயத்தில் காசு போட்டு வைக்கும் வைஸ், ரெவலூட் கார்ட் கொண்டுவருகிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான். வீதம் நல்லது, ஆனால் அவையும் பெரும்பாலும் டெபிட் மாதிரித்தான்.

நான் சொல்லும் வழி, டொலர் நோட்டு. கவுண்டரில் 300, 400 கட்டி உங்கள் கணக்கில் வரவு வைக்கலாம். ரசீது தருவார்கள். மிச்சத்தைக் கடைசி இரவு திருப்பித் தருவார்கள்.

பாலையூற்று_ஓய்வு:

தம்பி சொன்ன தடுப்பு விஷயம் சரி. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நோட்டு என்றால் செலவில்லை என்று நினைக்கவேண்டாம். ரூபா கொடுத்து டொலர் நோட்டு வாங்கப் போனால் வங்கிப் பலகையில் இரண்டு வீதம் இருக்கும், வாங்குகிற விலை, விற்கிற விலை. அந்த இடைவெளிதான் அங்கே கட்டணம், பெயர் மட்டும் வேறு. மாஸ்டருக்குப் பிஎஃப்சிஏ இருக்கிறபடியால் பாஸ்போர்ட்டையும் பயண டிக்கெட்டையும் கொண்டுபோய், அந்தக் கணக்கில் இருந்தே நோட்டாக எடுக்க முடியுமா என்று கேட்கட்டும். அப்போது நோட்டைக் கப்பலில் கட்டி, ஆபத்துக்கு ரூபாக் கிரெடிட் கார்டையும் பதிந்து வைக்கலாம். நான் போனால் அப்படித்தான் செய்வேன்.

சல்லிக்கரை:

இவ்வளவு மண்டையை உடைக்கிறதுக்குப் பதிலாகக் கப்பலில் ஒரு பியரைக் குறைத்தால் போதாதா? எங்கேயோ வாசித்தேன், குடிவகைக்கு மேலே 18 சதவீதம் சேவைக் கட்டணம் என்று. நூற்றுக்கு 18 போகிற இடத்தில் மூன்றைத் துரத்துகிறீர்கள்.

மூதூர்_மாலுமி:

அது உண்மை, 18 இல் இருந்து 20 வரைக்கும் கம்பனிக்குக் கம்பனி. அது தவிர ஆளுக்கு ஒரு நாளைக்கு 16, 18, 20 டொலர் என்று டிப்ஸ் தானாகக் கணக்கில் ஏறும். இரண்டு பேர் நாலு இரவு என்றால் அதுவே நூற்றறுபது வரைக்கும் வரும். இவற்றைப் புறப்பட முதலே கட்டிவிடலாம். குடிவகைப் பொதி, வைஃபை, டிப்ஸ் எல்லாம் இணையத்தில் முன்கூட்டி வாங்கலாம். மகன் அவுஸ்திரேலியத் தளத்தில் அவுஸ்திரேலிய டொலரில் கட்டினால், கப்பலில் மாற்றவேண்டிய தொகையே சிறுத்துவிடும். அப்போதும் கார்டின் வெளிநாட்டுக் கட்டணம் விழுமா என்று பார்க்கவேண்டும்.

கசினோவில் கப்பல் அட்டையைத் தட்டிக் காசு எடுக்கவேண்டாம், அதற்குத் தனிக் கட்டணம் வைக்கிற கம்பனிகள் உண்டு. கப்பலில் இருக்கும் ஏடிஎம் பக்கம் தலை வைத்தும் படுக்கவேண்டாம்.

டொரொன்டோ_திருமலையாள்:

அந்த டிப்ஸைக் கவுண்டரில் சொல்லி எடுத்துவிடலாம் என்று எங்கள் ஆட்கள் இங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது உண்மையா?

மூதூர்_மாலுமி:

சில கம்பனியில் எடுக்கலாம் அக்கா. கேபின் துடைக்கிற பொடியன், பிளேட் கழுவுகிற பொடியன் வயிற்றில் இருந்துதான் எடுக்கிறீர்கள். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் நான் கெட்ட வார்த்தைக்குப் போய்விடுவேன்.

டொரொன்டோ_திருமலையாள்:

நான் எடுத்ததில்லை தம்பி. கேட்டேன், அவ்வளவுதான். கோபம் வேண்டாம்.

உவர்மலை_மாஸ்டர்:

எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

(ஆறு கிழமைக்குப் பிறகு)

உவர்மலை_மாஸ்டர்:

வந்துவிட்டோம். சொன்ன சொல் காப்பாற்றுகிறேன்.

வங்கியில் டொலர் நோட்டு கிடைத்தது, பாஸ்போர்ட், டிக்கெட் பிரதி எல்லாம் கேட்டார்கள். 400 எடுத்தேன். எல்லாம் புது நூறு டொலர்த் தாள்கள். மனைவி அவற்றை ஒரு சீலைத் துண்டில் சுற்றி, வில்லூன்றிக் கந்தசாமி கோவில் விபூதிப் பொட்டலத்தோடு கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தா. சிங்கப்பூரில் பாதுகாப்புச் சோதனையில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்த பெடிச்சியின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. கையெல்லாம் விபூதி.

மூதூர்த் தம்பி சொன்ன மாதிரியே இரண்டாம் நாள், பினாங்கில் எல்லோரும் இறங்கின பிறகு பத்தரைக்குக் கவுண்டருக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரேயொரு ஆள், கறுப்புக் கண்ணாடியைத் தொலைத்தவர். என் 400 டொலரையும் ஒரு மெஷினில் போட்டு எண்ணி, ரசீது தந்தார்கள். மகன் தன் பங்குக்கு, "கணக்கை டொலரிலேயே கழியுங்கள்" என்றான். பெடியன் தலையை ஆட்டிவிட்டு எதையோ தட்டினான். தாள் இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. எழுத்தில் ஏதாவது தா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கணக்குப் பக்கத்தை அச்சடித்துத் தந்தான், அதில் கழிக்கும் நாணயம் அமெரிக்க டொலர் என்று இருந்தது. மகன் படம் எடுத்து வைத்துக்கொண்டான். வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பெர்த் குடும்பம் ஒன்றும் தாங்களும் அப்படியே செய்யச் சொன்னார்கள். மச்சாள் போன முறை செய்ததையே இந்த முறையும் செய்தா, அவவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

முடிவு: என் பில் 338 டொலர். கடைசி இரவு 62 டொலர் கையில் வந்தது. மகனுடைய அறிக்கை நேற்று வந்தது. புதுக் கார்டில் மாஸ்டர்கார்டின் அன்றைய வீதம்தான், ஒரு சதம் கூடவில்லை. நான் அந்தத் தளத்தில் போய்ச் சரிபார்த்தேன்.

ஆனால் மருமகள்... புக்கெட்டில் இறங்கி, சந்தையடியில் ஒரு கடையில் பட்டுச் சால்வை நாலு எடுத்தா. மகன் எனக்குத் தொப்பி பார்க்கப் போயிருந்த நேரம். கடைக்காரன் மெஷினை நீட்டினான். திரையில் இரண்டு கொடி, ஒன்று தாய்லாந்து, ஒன்று அவுஸ்திரேலியா. சொந்த நாட்டுக் கொடியைக் கண்டதும் அமத்திவிட்டா.

பாலையூற்று_ஓய்வு:

ரசீதைப் பாருங்கள் மாஸ்டர். அதில் இரண்டு தொகையும் வீதமும் இருக்கும். கடைக்காரன் கேட்காமல் தானாகச் செய்திருந்தால் வங்கியில் முறைப்பாடு போடலாம், காசு திரும்ப வர வாய்ப்பு உண்டு.

உவர்மலை_மாஸ்டர்:

பார்த்தேன் ஐயா. "எனக்கு நாணயத் தெரிவு தரப்பட்டது, அவுஸ்திரேலிய டொலரைத் தெரிந்துகொண்டேன்" என்று அச்சடித்து, அதற்குக் கீழே அவவின் கையெழுத்து. நல்ல வடிவான கையெழுத்து. அவவுக்கு எழுதப் பழக்கினதும் நான்தான், ஐந்தாம் வகுப்பில்.

கோட்டைப்பாதை_கடை:

அடுத்த முறை கப்பல் வரும்போது அந்த ஜெர்மன்காரி வந்தா என்றால் உங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிடுகிறேன் மாஸ்டர்.